வெளக்கமாறு என்ன ஆகும்? தமிழ் உரை லைப்ரரிக்கு முதல் திருத்தம் அனுப்புவோருக்கு

பைத்தான் ஓரளவு தெரியும், கிட்ஹப்பில் ஒரு கணக்கு இருக்கிறது, தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. இப்படி வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எனக்கு ஏதாவது வேலை கொடுங்களேன்" என்பதுதான். கொடுக்க ஆள் இருக்காது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களை, அதிலும் தமிழுக்கானவற்றை, நடத்துகிறவர்கள் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள். உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில் அந்த வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள்.

அதனால் வேலை கேட்டுப் போகாதீர்கள். ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். நிஜமாகவே ஒரே ஒரு தமிழ்ச் சொல்: லைப்ரரி தப்பாக எண்ணியது, தப்பாக வெட்டியது, அல்லது தப்பான இடத்தில் அடுக்கியது. அந்த ஒரு சொல் கையில் இருந்தால் கீழே சொல்லப்போகிற எல்லாப் படிகளும் தானாக வரிசையில் வந்து நின்றுவிடும்.

எதில் சேருவது

நான் இங்கே ஓப்பன்-தமிழ் லைப்ரரியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பைத்தானில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமம் (உரிமக் குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்), எழில் மொழி அறக்கட்டளையின் கிட்ஹப் பக்கத்தில் இருக்கிறது (தமிழிலேயே நிரல் எழுதுவதற்கான எழில் மொழியைச் செய்த அதே இடம்). உள்ளே போனால் தமிழ் என்ற ஃபோல்டரில் எழுத்துகளைப் பிரிக்கும் கோட், சொல்திருத்தி என்ற பெயரில் பிழைதிருத்தி, எழுத்துப்பெயர்ப்புக்கு ஒன்று, என்-கிராமுக்கு (அடுத்தடுத்து வரும் எழுத்து, சொல் கூட்டங்களுக்கு) ஒன்று, டிஸ்கி மாதிரிப் பழைய குறிமுறைகளை யூனிகோடுக்கு மாற்ற ஒன்று என்று நிறைய இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. முதலில் பார்க்க வேண்டியது யூடிஎஃப்8 என்ற பெயரில் இருக்கும் ஒரே ஒரு ஃபைல்.

வேறு இடங்களும் உண்டு. ஸ்னோபால் என்ற ஸ்டெம்மர் திட்டத்தில், அதாவது சொல்லின் விகுதிகளைக் கழித்து அடியை எடுக்கும் கருவியில், தமிழுக்கு ஒரு விதிக்கோப்பு இருக்கிறது. அது ஸ்னோபாலுக்கே உரிய தனி மொழியில் எழுதப்பட்டது, அதிலிருந்துதான் சி, ஜாவா, பைத்தான் கோட் எல்லாம் உருவாகும். மொழி உரையை அலசும் ஸ்பேசி என்ற பைத்தான் லைப்ரரியிலும் தமிழுக்கு ஒரு சின்ன ஃபோல்டர் உண்டு, நிறுத்தச் சொற்கள் (அலசும்போது ஒதுக்கிவிடும் அடிக்கடி வரும் சொற்கள்), எண்ணுப்பெயர்கள் என்று. அதைத் திறந்து பார்த்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். தோன்றினால் நல்லது, அங்கேயே தொடங்கலாம். ஆனால் பெரிய திட்டங்களில் உங்கள் தமிழ்த் திருத்தத்தைப் பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு சொல்லையும் விளக்க வேண்டியிருக்கும். முதல் முறைக்கு, தமிழ் தெரிந்தவர்கள் இருக்கும் இடம்தான் சௌகரியம்.

(சௌகரியம். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.)

முதல் பத்து நிமிடம்

ஒரு எச்சரிக்கை: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், இது தெரியாதவர் இதுவரை படித்திருக்க மாட்டார்.

பிப் இன்ஸ்டால் கொடுத்து ஓப்பன்-தமிழை நிறுவுங்கள். பைத்தானைத் திறந்து, லைப்ரரியைத் தொடாமல், வெறும் லென் ஃபங்ஷனுக்குள் தமிழ் என்ற சொல்லைப் போடுங்கள். 5 என்று வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடுக்கு அது ஐந்து குறிகள். அதையே யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றி எண்ணினால் 15, ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். இப்போது லைப்ரரியில் உள்ள கெட்_லெட்டர்ஸ் ஃபங்ஷனுக்கு அதே சொல்லைக் கொடுங்கள்: த, மி, ழ். மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணினாலும் மூன்றுதான் சொல்லும். பள்ளிக்கூடக் கணக்குக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் நடுவில் இருக்கும் இந்த வித்தியாசம்தான் தமிழ் உரை லைப்ரரிகளின் பிழைப்பு, நீங்கள் கண்டுபிடிக்கப்போகும் பிழைகளில் பெரும்பங்கும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லைப் பிடிக்க எல்லோரும் போடும் அந்த பின்சாய்வு-டபிள்யூ-பிளஸ் வடிவத்தைத் தமிழ் என்ற சொல்மீது ஓட்டுங்கள். "தம", "ழ" என்று இரண்டு துண்டாக வரும். உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்து அல்ல என்று அது நினைக்கிறது. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய எத்தனையோ கருவிகள் உள்ளே இதைத்தான் பயன்படுத்துகின்றன. சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரியில் சொல் எண்ணும் கருவியின் இயல்பான அமைப்பும் இதே வடிவம்தான், அதுவும் இரண்டு குறிக்குக் குறைந்ததைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால் தமிழ் என்பது அங்கே வெறும் "தம" ஆகிவிடும். தமிழில் இயந்திரக் கற்றல் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இப்படி மொட்டையடித்த சொற்களை வைத்து மாடல் பழக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் பழக்கினேன்.

சொல்லைப் பிடிப்பது

உட்கார்ந்து யோசித்தால் பிழை கிடைக்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது உரையை, பழைய கட்டுரையோ சமையல் குறிப்போ பாட்டி சொன்னதைத் தட்டி வைத்ததோ, லைப்ரரிக்குள் விட்டு வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள். சொற்களை எண்ணி, வரிசைப்படுத்தி, அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள்.

வரிசை என்றதும் ஒன்று: பைத்தானின் சார்ட்டைச் சும்மா போட்டால் வனம், வலை, வளம், வழி என்று வரும். நாம் படித்த வரிசையில் வலை, வழி, வளம், வனம் என்றுதான் வர வேண்டும், ய ர ல வ ழ ள ற ன. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் இஸ்கி என்ற இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி அமைந்தது, அங்கே னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. ஓப்பன்-தமிழில் இதற்கென்றே அகரவரிசையில் ஒப்பிடும் ஃபங்ஷன் உண்டு. அதற்குக் கஷ்டமான சொற்களைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி: ஜன்னல் எங்கே போகிறது, ஆய்தம் உள்ள சொல் எங்கே, பக்கம் பகலுக்கு முன்னாலா பின்னாலா.

எனக்குக் கிடைத்த சொல் மௌனம். ஒரு கதைத் தொகுப்பில் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டியலில் மௌனம் இரண்டு முறை வந்தது, ஒன்று மேலே, இன்னொன்று கொஞ்சம் கீழே, இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒரே மாதிரிதான்.

இப்படி ஒன்று சிக்கினால் செய்ய வேண்டியது: பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலை எடுத்து, சொல்லில் உள்ள ஒவ்வொரு குறியின் பெயரையும் ஒரு வரிக்கு ஒன்றாக அச்சிடுங்கள். முதல் மௌனத்தில் மகரத்துக்கு அடுத்து "தமிழ் வவல் சைன் ஏயூ" என்று ஒரே குறி வந்தது. இரண்டாவதில் "தமிழ் வவல் சைன் இ" (ஆங்கில எழுத்து E, நம் எகரக் கொம்பு), அதற்கப்புறம் "தமிழ் லெட்டர் எல்எல்ஏ". அதாவது யாரோ ஒற்றைக்கொம்பு போட்டு, மகரம் போட்டு, பக்கத்தில் நிஜமான ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம். மெ, ள, ன, ம் என்று நான்கு எழுத்து ஆகிவிட்டது மௌனம். நீங்கள் இணையத்தில் தினமும் படிக்கும் கௌரவம், பௌர்ணமி, சௌகரியம் இவற்றில் எத்தனை இப்படி இருக்கும் என்று தேடிப் பாருங்கள், அப்புறம் தூக்கம் வராது.

யூனிகோட் தெரிந்தவர்கள் உடனே "என்எஃப்சி நார்மலைஸ் செய்தால் போச்சு" என்பார்கள், ஒரே எழுத்தை வெவ்வேறு குறிகளால் எழுதியிருந்தால் ஒரே வடிவமாக்கும் முறை அது. போகாது. கொம்பையும் "ஏயூ லெங்த் மார்க்" என்ற தனிக் குறியையும் சேர்த்து எழுதியிருந்தால் என்எஃப்சி அதை ஒன்றாக்கும், கொ-வைக் கொம்பு தனியாகக் கால் தனியாக எழுதியிருந்தாலும் ஒன்றாக்கும். ஆனால் இங்கே இருப்பது அந்தக் குறி இல்லை, அச்சு அசலாக அதைப் போலவே தெரியும் ளகரம். யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து, வேறு சொல்.

பிழையைச் சொல்வது

இஷ்யூ, அதாவது கிட்ஹப்பில் பிழையைச் சொல்லும் பதிவு, எழுதும்போது தலைப்பு ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் தேடக் கிடைக்கும், ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் யாரும் மார்க் போடப் போவதில்லை. உள்ளே மூன்று விஷயம் போதும்: எதைக் கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். லைப்ரரியின் பதிப்பெண், பைத்தான் பதிப்பெண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மூடப்பட்ட இஷ்யூக்களிலும் தேடிவிடுங்கள், ஏற்கெனவே யாராவது சொல்லி, ஏன் செய்யவில்லை என்று பதிலும் அங்கேயே இருக்கலாம்.

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள், உரையை அப்படியே ஒட்டுங்கள். மௌனம் மாதிரிப் பிழையைப் படமாக அனுப்பினால் பார்க்கிறவருக்கு இரண்டு மௌனமும் ஒன்றாகத்தான் தெரியும், நீங்கள் எதற்கு அழுகிறீர்கள் என்றே புரியாது. குறிகளின் பெயர்ப் பட்டியலையும் கூட ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அனுப்பும் முன் இது லைப்ரரியின் தப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிறைய டெர்மினல்களுக்குத் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாது: கொம்பு இடம் மாறும், புள்ளி தனியாக வட்டத்தின்மேல் உட்காரும். முடிவை ஒரு ஃபைலில் எழுதி பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் குற்றவாளி டெர்மினல். விண்டோஸில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டால் கந்தல்கோலமாக வரும், அதுவும் லைப்ரரி மேல் பழி போட வேண்டிய விஷயம் இல்லை. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும், பழைய நோட்பேடில் சேமித்த ஃபைலின் தலையில் ஒரு குறி ஒட்டியிருக்கும். இவை எல்லாமே அந்தப் பெயர் அச்சிடும் வேலையைச் செய்தால் மாட்டிக்கொள்ளும்.

கிட் வேலை, சுருக்கமாக

இதை எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், வேகமாகப் போகிறேன். கிட்ஹப்பில் ஃபோர்க் பொத்தானை அமுக்கினால் லைப்ரரியின் நகல் உங்கள் கணக்கில் வந்துவிடும். அதை உங்கள் கணினிக்கு க்ளோன் செய்யுங்கள். உங்கள் மாற்றத்துக்கென்று புதிதாக ஒரு பிராஞ்ச் (கிளை) போடுங்கள், மூலக் கிளையான மெயினில் நேராகக் கை வைக்க வேண்டாம். தனியாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் ஃபோல்டரில் நின்றுகொண்டு பிப் இன்ஸ்டால், இடைக்கோடு-இ, புள்ளி என்று கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதைச் செய்யாவிட்டால் நீங்கள் ஒரு ஃபைலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள், பைத்தான் காலையில் நிறுவிய பழைய பிரதியை ஓட்டிக்கொண்டிருக்கும். எதை மாற்றினாலும் ஒன்றும் மாறவில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எடிட்டரில் சேமிக்கும்போது தானாக அழகுபடுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நீங்கள் மாற்றியது நாலு வரி, எடிட்டர் இடைவெளிகளைச் சீர்ப்படுத்தி மொத்த ஃபைலையும் மாற்றிவிடும், பார்க்கிறவர் அந்த நாலு வரியை வைக்கோல்போரில் தேட வேண்டும். விண்டோஸில் வரி முடிவுக் குறி மாறினாலும் இதே கதை. கமிட் செய்யும் முன் கிட் டிஃப் போட்டு ஒவ்வொரு வரியையும் பாருங்கள். நீங்கள் மாற்றாத வரி அதில் இருக்கவே கூடாது. தமிழில் பெயர் வைத்த ஃபைல் இருந்தால் கிட் அந்தப் பெயரை எண்களாகக் காட்டிப் பயமுறுத்தும், கோர் டாட் க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழிலேயே காட்டும்.

டெஸ்ட் முதலில்

கோடைத் திருத்தும் முன் டெஸ்ட் எழுதுங்கள், அதாவது லைப்ரரி சரியான விடை தருகிறதா என்று தானாகச் சோதிக்கும் சின்ன கோட். டெஸ்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, உங்கள் பிழைக்குப் பக்கத்தில் வரும் ஃபைலைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் யூனிட்டெஸ்ட் பாணியில் இருக்கும், பைட்டெஸ்ட் அவற்றையும் ஓட்டிவிடும். முதலில் எதையும் மாற்றாமல் மொத்தத்தையும் ஒருமுறை ஓட்டி, எத்தனை தேறுகிறது எத்தனை விழுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரும்போதே விழுந்து கிடந்ததை நீங்கள் தள்ளிவிட்டதாக நினைத்துப் பதறாமல் இருக்க இது உதவும்.

பிறகு ஏற்கெனவே இருக்கும் ஒரு டெஸ்ட்டை நகலெடுத்து, உங்கள் சொல்லைப் போட்டு, வர வேண்டிய விடையை எழுதுங்கள். ஓட்டுங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் பிழையே இல்லை, அல்லது நீங்கள் வேறெதையோ சோதிக்கிறீர்கள்.

தமிழ் டெஸ்ட்டில் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. மௌனம், மெளனம் இரண்டையும் டெஸ்ட்டில் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு (அது நீங்களாகவும் இருக்கலாம்) எது எது என்று தெரியாது. யாராவது நல்ல மனசோடு "இதென்ன எழுத்துப்பிழை" என்று திருத்தியும் விடுவார்கள். அதனால் இப்படிப்பட்ட இடத்தில் யூனிகோட் எண்ணாகவே எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கமென்ட் போடுங்கள்.

விழுகிற டெஸ்ட் ஒன்று கையில் இருந்தால், கோடே எழுதத் தெரியாவிட்டாலும் நீங்கள் பாதிக்கு மேல் வேலையை முடித்துவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன். வர வேண்டிய சரியான விடை இன்னது என்று உட்கார்ந்து எழுதத் தமிழ் தெரிய வேண்டும், அதை யாரும் ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ள முடியாது.

திருத்தம், அல்லது நான் வாங்கிக் கட்டிக்கொண்டது

மௌனத்தை நான் திருத்தப் போனது வேறொரு சின்ன லைப்ரரியில். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையதுதான். முதலில் எனக்குத் தோன்றியது ஒரே வரி: கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் எல்லா இடத்திலும் ஔகாரக் குறியாக மாற்று. டெஸ்ட் தேறியது. சந்தோஷமாக ஒரு பெரிய உரையில் ஓட்டினேன். தெளிவு தெளிவில்லாமல் போயிற்று, வெள்ளம் உடைந்தது, கெளுத்தி மீன் செத்தது. வந்த சொற்களில் பாதிக்கு நடுவில் புள்ளி போட்ட வட்டம் தெரிந்தது.

சரி, ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே, வெறும் ளகரமாக இருந்தால் மட்டும் மாற்று என்று விதியை இறுக்கினேன். தெளிவு தப்பித்தது, வெள்ளம் தப்பித்தது, மௌனமும் கௌரவமும் சரியாயின. இருபது சொல்லுக்கு டெஸ்ட் எழுதினேன், இருபதும் பச்சை. இலக்கணமே கைக்குள் வந்துவிட்ட நினைப்பில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) அனுப்பினேன், விளக்கத்தில் "எல்லா நிலைகளையும் கையாள்கிறது" என்று வேறு எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒருநாள் ஒரே வரியில் பதில்:

"வெளக்கமாறு என்ன ஆகும்?"

ஓட்டிப் பார்த்தேன். வௌக்கமாறு ஆயிற்று. வெளங்காதவன் வௌங்காதவன் ஆனான். ஒகரத்தோடு ளகரம் வரும் இடத்தையும், ஔவையை ஒளவை என்று எழுதுகிறார்களே என்று, கூடவே சேர்த்து மாற்றியிருந்தேன், அதில் ஒளறாதே என்பது ஔறாதே ஆகிவிட்டது. என் சொற்பட்டியல் முழுக்க எழுத்துத் தமிழ். ஆனால் கதைகளில், வசனங்களில், வாட்ஸப்பில் இருப்பது பேச்சுத் தமிழ், அங்கே விளக்கு வெளக்காகவும் விளையாட்டு வெளையாட்டாகவும்தான் இருக்கும். வெளக்கமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டிய கதையாக என் இருபது டெஸ்ட்டும் சும்மா மின்னிக்கொண்டிருந்தன.

கடைசியில் ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவம் அழகானது இல்லை. கௌரவ, மௌன, பௌர்ணமி, சௌகரிய, பௌத்த, லௌகீக, வௌவால் என்று ஒரு சொல்லடிப் பட்டியல், சொல் அதில் ஒன்றில் தொடங்கினால் மட்டும் மாற்றும், மற்றதைத் தொடாது. அதுவும் ஏற்கெனவே இருந்த ஃபங்ஷனுக்குள் இல்லை, தனி ஃபங்ஷனாக, கேட்டவருக்கு மட்டும். பராமரிப்பாளர் சொன்ன காரணம் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது நியாயமாகத் தெரிகிறது: இந்த லைப்ரரியை வைத்து யாரோ ஏற்கெனவே ஒரு தேடுபொறியோ அகராதியோ கட்டியிருப்பார்கள், அவர்களுடைய உரையை அவர்களுக்குத் தெரியாமல் நாம் மாற்றக் கூடாது.

ஆகவே திருத்தம் எழுதும்போது, உங்கள் விதி எதைச் சரி செய்கிறது என்பதைவிட எதைத் தொடக் கூடாது என்பதற்கு அதிகம் டெஸ்ட் எழுதுங்கள். பேச்சு வழக்கு, கிரந்த எழுத்து, ஆய்தம், பாதி ஆங்கிலம் கலந்த வரி, தமிழ் எண்கள், காலியான சரம் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தமிழ் எண் ஒன்றும் ககரமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏழும் எகரமும் அப்படித்தான். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-ல் யூனிகோட் 4.1-இல் வந்து சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் மட்டும் சொல்லும் ஒரு சொல்லையும் போடுங்கள், அதுதான் பல நேரம் கவிழ்க்கும்.

அனுப்பிய பிறகு

புல் ரிக்வெஸ்ட்டில் எந்த இஷ்யூவுக்கான திருத்தம் என்று எண்ணைக் குறிப்பிடுங்கள், என்ன மாற்றினீர்கள், எதை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு விஷயம். வழியில் வேறொரு பிழை கண்ணில் பட்டால் அதற்குத் தனி பிராஞ்ச்.

கோடைச் சாட்பாட்டிடம் கேட்டு எழுதலாமா என்றால், எழுதுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள். ஆனால் அது எழுதிய ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிய வேண்டும், ரெவ்யூவில் கேள்வி வந்தால் அதே சாட்பாட்டிடம் போய்க் கேட்டுப் பதிலை ஒட்டாதீர்கள். டெஸ்ட்டில் போடும் தமிழ்ச் சொற்களை மட்டும் அதனிடம் வாங்கவே வேண்டாம். இல்லாத சொல்லைக் கூசாமல் கொடுக்கும்.

பதில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். தினமும் தட்ட வேண்டாம். ரீட்மீயில் ஒரு காற்புள்ளியை மாற்றி ரிக்வெஸ்ட் எண்ணிக்கை ஏற்றும் பழக்கத்துக்கும் போக வேண்டாம். 2020 அக்டோபரில், ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குச் சட்டை தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வின் சட்டைக்காக இப்படிக் குவிந்த குப்பை தாங்காமல்தான், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்றினார்கள். அதற்காக ஆவணத் திருத்தம் கேவலம் என்று அர்த்தமில்லை. ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று தமிழில் இரண்டு வரி, ஓட்டிப் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு, இது கோடுக்குச் சமம்.

சொற்பட்டியல் கொடுக்கிறவர்களுக்கு

கோட் வேண்டாம், பிழைதிருத்திக்குச் சொற்கள் சேர்த்துத் தருகிறேன் என்று நிறையப் பேர் வருகிறார்கள். நல்லது, ஆனால் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் அகராதியை ஸ்கேன் செய்து பட்டியலை உருவி அனுப்பினால் மொத்தத் திட்டமும் சிக்கலில் மாட்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்ஸில் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்ற வகை, அதை எம்ஐடி உரிமத் திட்டத்துக்குள் அப்படியே கொட்ட முடியாது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள், நீங்களே எழுதியவை, இவை தொல்லை இல்லாதவை. 1998 முதல் மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய இலக்கியங்களும் இருக்கின்றன. அவற்றின் முகப்பில் உள்ள குறிப்பை மட்டும் படித்துவிட்டு எடுங்கள்.

பட்டியலை அனுப்பும் முன் ஒரு வரிக்கு ஒரு சொல், யூடிஎஃப்-8, என்எஃப்சி, இரட்டிப்பு நீக்கியது என்று சுத்தம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒருமுறை கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்களை வடிகட்டிப் பாருங்கள். எப்படியும் பத்து கிடைக்கும்.

உங்கள் திருத்தம் மெர்ஜ் ஆன, அதாவது மூலத்தில் சேர்ந்த பிறகு உங்கள் ஃபோர்க்கின் மெயினை மூலத்தோடு ஒத்திசைத்துவிட்டு, பழைய பிராஞ்சை அழித்துவிடுங்கள். மெர்ஜ் ஆன அன்றே பிப்பில் நிறுவிப் பார்த்து "என் திருத்தத்தைக் காணோமே" என்று மறுபடி இஷ்யூ போடாதீர்கள். அடுத்த பதிப்பு வெளிவரும் வரை அது கிட்ஹப்பில் மட்டும்தான் இருக்கும். அவசரம் என்றால் பிப்புக்கு நேராகக் கிட் முகவரியைக் கொடுத்து நிறுவிக்கொள்ளலாம்.